தீர்மானப் புத்தகம், பக்கம் நாற்பத்தொன்று

நாலு மணிக்கென்று போட்ட கூட்டம்.
நாலே முக்காலுக்கு வந்த சாந்திலால் சேட்டு
வரைபடத்தை விரித்தார். அது சுருண்டுகொண்டே இருந்தது.
நான்கு மூலைக்கும் நான்கு டீ கிளாஸ் வைத்தோம்.

பச்சை மையில் தண்டையார்பேட்டை:
ஒரே கட்டடம், ஏழு மாடி.
சிவப்பு மையில் இப்போதிருக்கிற மூன்றும்,
காசிமேடு, கொருக்குப்பேட்டை, எர்ணாவூர்,
ஓட்டை உடைசல் பார்த்து அப்படியே.

தீர்மானம் எழுதுகிறவள் நான்.
பதினாறு வருஷம் வார்டில் நின்று
முட்டி தேய்ந்தபின் கொடுத்த நாற்காலி.
நர்சுகள் தரப்பில் ஓட்டும் ஒன்று உண்டு.

மூன்று லிஃப்ட், மூன்று கரண்ட் பில்,
ஒரே அடுப்பென்றால் விறகு மிச்சம் என்றார் சேட்டு.
வலியெடுத்தவள் ரெண்டு பஸ் மாறி வரணுமா
என்று ஜெசிந்தா கத்தியதில் கிளாஸ் ஒன்று தளும்பி
பழவேற்காடு பக்கம் நனைந்தது.
மயக்க டாக்டர் நமக்கு ஒருத்தர்தான்,
மூன்றாக வெட்டவா என்றார் ஹேமச்சந்திரன்.
சிரித்தார்கள்.
நான் பேனா மூடியைத் தேடினேன்.

சம்பூரணம், ஏலத்துறையில் நண்டு விற்பவள்,
காசிமேட்டுக் கிளைக்கு நடந்தே வந்தாள்.
ஆறு நிமிஷம்.
வாசலில் செருப்பைச் சேர்த்து வைத்துவிட்டு ஏறினாள்.
பிள்ளை குறுக்கே கிடந்தது.
டாக்டர் எர்ணாவூரில், இன்னொரு வயிற்றின் முன்னால்.
இடையில் கன்டெய்னர் லாரிகள்,
ஹார்பருக்குள் நுழைய வரிசை கட்டி,
அடியில் துண்டு விரித்துக் கிளீனர்கள் தூங்குகிற ரோடு.
டாக்டர் வந்து சேர ஒரு மணி பத்து நிமிஷம்.
மறுநாள் அவள் புருஷன் வந்தான்,
செருப்பை எடுத்துக்கொண்டு போக.

ஓட்டு மூன்றும் மூன்றுமாக நின்றது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
பதினாறு வருஷத்தில் முதல் முறையாக.

ஆம்புலன்ஸ் எட்டியப்பனை யாரும் கூப்பிடவில்லை.
டீ கொண்டுவந்தவன் கதவோரமாக நின்றிருந்தான்.
"அல்லாரையும் கேட்டீங்க,
கேட்டைக் கேட்டீங்களா?" என்றான்.

அப்போதுதான் பார்த்தேன்,
வரைபடத்தில் ரயில் பாதையே இல்லை.
படம் போட்டவர் மறந்திருக்கலாம்,
அழகாயில்லை என்று விட்டிருக்கலாம்.

கொருக்குப்பேட்டைக் கிளையைப்
பூச்சுவேலைக்காகப் பூட்டிவைத்திருந்த மாசம்.
மஸ்தான் பாயின் தங்கை மகன்
வாயில் நுரையோடு வண்டிக்குள்.
கேட்டு மூடியிருந்தது. கூட்ஸ்.
எட்டியப்பன் பெட்டிகளை எண்ணினான்,
வேறென்ன செய்வது.
முப்பத்தொன்றாவது பெட்டியோடு ரயில் நின்றுபோனது.
அதற்குமுன்பே நின்றிருந்தது மற்றது.

தீர்மானப் பேனாவால் நானே கோடு போட்டேன்,
வடக்கும் தெற்குமாக, கொஞ்சம் கோணலாக.
சேட்டு படத்தின் விலையைச் சொன்னார்.
ஜன்னல் வழியே மணலிக் காற்று,
அழுகிய முட்டை வாசனை.
யாரோ ஃபேனைக் கூட்டினார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், நிமிஷத்தை நிமிஷத்தால் கழித்து.
சம்பூரணத்துக்கு ஒரு மாதிரி விடை வந்தது,
அந்தப் பையனுக்கு இன்னொரு மாதிரி.
கணக்கில் நான் எப்போதும் மட்டம்.
கடைசியில் எனக்குள் ஓயாமல் தெரிந்தது
சேர்த்து வைத்த அந்தச் செருப்புதான்.
பச்சைக்குக் கையைத் தூக்கினேன்.

ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது
என்று என் கையாலேயே எழுதினேன்.
'காரணம்' என்ற இடத்தில்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

எல்லோரும் போனபின் எட்டியப்பன்
கிளாஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தான்.
நாலாவதை எடுத்ததும்
படம் தானே சுருண்டுகொண்டது.

"இந்தாண்டதானாக்கா?"
"இந்தாண்டதான்."
"சரிக்கா" என்றான்.

அவன் வீடு அந்தாண்ட.
பேத்திக்குப் பேர் வைத்த அன்று போயிருக்கிறேன்,
கையில் ஒரு சின்ன கொலுசோடு
கேட்டில் இருபது நிமிஷம் நின்று.